வீட்டுக் கணிப்பொறியும் அந்தரங்கக் காப்பும்

முற்காலத்து இல்லங்களில் நிலப் பத்திரம், நகை, கடிதக்கட்டு முதலியவற்றை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, அதன் திறவுகோலை வீட்டுத் தலைவி தன் இடையிற் செருகிக்கொள்வது வழக்கம். இக்காலத்தில் அப்பெட்டியின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுள்ளது. வங்கிக் கணக்கு, மருத்துவச் சோதனை முடிவு, குடும்பப் புகைப்படம், நண்பர் மனந்திறந்து எழுதிய மடல் ஆகிய யாவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. எனினும், மரப்பெட்டிக்கு நம் முன்னோர் காட்டிய கவனத்திற் பாதியேனும் நாம் இதற்குக் காட்டுகின்றோமில்லை. ஆதலின், அந்தரங்கம் எவ்வெவ் வழியாற் கசிகின்றது, அவ்வழிகளை அடைக்குமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

“மறைக்கவேண்டிய குற்றம் ஒன்றும் என்பால் இல்லையே, எனக்கு அந்தரங்கம் எதற்கு?” என வினவுவார் சிலர். குற்றத்தை மறைத்தல் வேறு. அந்தரங்கத்தைக் காத்தல் வேறு. நோயுற்றான் ஒருவன் தன் நோயை மருத்துவரிடம் மட்டும் கூறுதல் குற்றமாகுமோ? 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அரசியலமைப்பின்படி அடிப்படை உரிமையே என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அன்றியும், நம் கணிப்பொறியில் இருப்பன நம் இரகசியங்கள் மட்டுமல்ல. தோழனொருவன் தன் கடன் தொல்லையை நமக்கு எழுதியிருப்பான். தமக்கையின் மருத்துவச் சீட்டு அதில் இருக்கும். நம் அசட்டையால் வெளிப்படுவது அவர்கள் மானம். எனவே இஃது உரிமை மட்டுமன்று; கடமையுமாம்.

நிற்க. முதலில் வீட்டினுள் நோக்குவோம். ஒரே கணிப்பொறியைப் பலர் கையாளும் இல்லத்தில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைத்தல் நன்று. நிருவாகி என்னும் முழு அதிகாரமுள்ள கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது. ஏனெனில், தீய நிரல் ஒன்று உட்புகின், அக்கணக்கின் அதிகாரம் முழுதும் அதன் கைப்படும். இயங்குதளத்திற்கு அவ்வப்போது வரும் திருத்தங்களையும் தள்ளிப்போடாது ஏற்கவேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளிக்கப்பட்டுவந்த ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது என்பதை அதனைக் கையாளுவோர் நினைவிற் கொள்க.

இனி, கணிப்பொறி வீட்டை விட்டு வெளியேறுங்கால் நேர்வதைக் கருதுவாம். களவு போதல், பழுதுபார்க்கக் கொடுத்தல், பழம்பொருளாக விற்றல் ஆகிய மூவகையாலும் அது பிறர் கைப்படும். நுழையுங்கால் கேட்கும் கடவுச்சொல் ஒன்றே போதுமெனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பொறியிற் பொருத்தினால், கடவுச்சொல் இன்றியே அனைத்தையும் படிக்கலாம். கோப்பை அழித்துவிட்டோம் என்பதும் பெரும்பாலும் மயக்கமே. அழித்தவுடன் நீங்குவது, நூலின் பொருளடக்கத்தில் ஒரு வரியைக் கிழித்தாற்போல, அக்கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே. வேறொன்று மேலெழுதப்படும்வரை ஏடு அப்படியே இருக்கக்கூடும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் இருவர் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129-இல் செம்மையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! ஏனையவற்றுட் பலவற்றில் மருத்துவச் செய்திகளும், கடிதங்களும், ஆயிரக்கணக்கான கடனட்டை எண்களும் கிடைத்தன.

இதற்கு மருந்து யாது? டிஸ்க் முழுவதையும் மறையெழுத்தாக்கி வைத்தலேயாம். விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிள் கணிப்பொறியில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் என்பன இப்பணியைச் செய்யும். திறவுகோல் இல்லார்க்கு அந்த டிஸ்க் பொருளற்ற எழுத்துக் குவியலே. ஆயின், மீட்புத் திறவுகோலை இழப்பின் உடையவனுக்கும் அதே கதி நேரும். ஆதலின், அதனைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்துக்கொள்க. விற்குமுன் தயாரிப்பாளர் வகுத்த முறைப்படி டிஸ்க்கை முற்றும் துடைத்தலும் வேண்டும்.

அடுத்து, இணையத்தில் உலாவுங்கால் நிகழ்வது. 1994-இல் லூ மாண்டுலி என்பார் குக்கீ என்னும் சிறு குறிப்பை வகுத்தார். ஒரு தளம் நம்மை அடையாளங் காண அஃது உதவும். பிற்பாடு விளம்பரக் குழுமங்கள், நாம் தளத்துக்குத் தளம் செல்வதைப் பின்தொடர அதனைக் கருவியாக்கிக்கொண்டன. பயர்பாக்ஸ், சபாரி போன்ற உலாவிகள் இத்தகைய பின்தொடர்தலைத் தாமே பெரிதும் தடுக்கின்றன; ஏனையவற்றில் அமைப்புகளுட் சென்று மூன்றாந் தரப்புக் குக்கீகளை நாமே தடுத்தல் வேண்டும். மறைநிலைச் சாளரம் என்பதைப் பலர் தவறாக உணர்கின்றனர். அது நம் கணிப்பொறியில் உலாவிய தடத்தை வைக்காது, அவ்வளவே. நாம் செல்லும் தளத்தார்க்கும், இணைப்பு வழங்குவோர்க்கும், கல்லூரி வலையமைப்பினர்க்கும் நம் வருகை புலப்படவே செய்யும்.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் வன்மை நீளத்திற் பெரிதும் அடங்கியுள்ளது. தம்முள் தொடர்பற்ற நான்கைந்து சொற்களைத் தற்செயலாகத் தெரிந்து கோத்தால், நீண்டதும் நினைவில் நிற்பதுமாகும். ஒரே சொல்லைப் பல கணக்குகட்கு வைப்பதுதான் பெருங்கேடு; ஓரிடத்திற் களவுபோனால் எல்லா வாயில்களும் ஒருங்கே திறக்கும். ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு சொல் வைத்து, அவற்றைக் கடவுச்சொல் காப்பு நிரல் ஒன்றில் இட்டுவைக்கலாம். மின்னஞ்சற் கணக்கிற்கு இரண்டாம் உறுதிப்பாடும் அமைக்க. ஏனைய கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அதன் மூலமே செல்வதால், அதுவே தலைவாயிலாகும்.

மாணவ அன்பர்காள்! இவை யாவற்றையும் ஒருநாளிற் செய்தல் அரிதாயின், மின்னஞ்சற் கடவுச்சொல்லை இன்று மாற்றுக. டிஸ்க்கை வரும் விடுமுறையில் மறையெழுத்தாக்குக. ஏனையவற்றைப் பின்னர்ச் செய்க. எக்காப்பும் முழுமையானதன்று; ஆயினும், பூட்டிய வீட்டை விட்டுத் திறந்த வீட்டை நாடுவதே கள்வர் இயல்பு. இல்லத்தில் இவற்றை அறியாத முதியோர் இருப்பின், அவர்தம் கணிப்பொறிக்கும் இக்காப்புகளை அமைத்துக் கொடுத்தல் கற்றோர் கடனாகும்.