இரு பட்டியல்களும் விடுபட்ட பிறப்புகளும்

ஒரு வட்டாரத்தில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளுக்கு இரு பட்டியல்கள் உள்ளன எனக் கொள்வோம். பதிவாளர் பதிவு செய்தவை 80. வீடு வீடாகச் சென்று தொகுத்தவை 70. இரண்டிலும் காணப்படுபவை 56. ஆயின், சேர்ப்புக் கணத்தின் உறுப்புகள் 80 + 70 − 56 = 94. வெட்டுக் கணம் இருமுறை எண்ணப்படுவதால் ஒருமுறை கழிக்கப்படுகிறது. பள்ளி மாணவரும் அறிந்த இவ்விதி, பல திட்டங்களின் பயனாளிகளைக் கூட்டும்போது எளிதில் மறக்கப்படுகிறது.

பாடநூல் கணக்கு இத்துடன் முடிகிறது. நிர்வாகத்திற்குரிய வினாவோ இனிமேல்தான் எழுகிறது: எப்பட்டியலிலும் இடம்பெறாத பிறப்புகள் எத்தனை?

இதற்கு விடை காணும் முறையை, வங்காளத்தின் சிங்கூர்ப் பகுதியில் திரட்டிய விவரங்களைக் கொண்டு, இந்திய மக்கள்தொகை ஆய்வாளர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலார் டெமிங்கும் 1949-இல் வெளியிட்டனர். கணக்கெடுப்பில் கண்ட 70 பிறப்புகளுள் 56, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, பதிவாளரிடமும் உள்ளன. எல்லாப் பிறப்புகளுக்கும் இவ்விகிதமே பொருந்துமெனில், பதிவான 80 என்பது மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்காகும். எனவே மொத்தம் 100. இரண்டிலும் விடுபட்டவை 6.

முடிவு முழுவதும் வெட்டுக் கணத்தையே சார்ந்துள்ளது. தாய்வீட்டில் நிகழ்ந்த பேறு அவ்வூரில் பதிவாகியிருக்கலாம். பதிவின்போது குழந்தைக்குப் பெயரே இடப்படாதிருக்கலாம். இவற்றால் பொருந்த வேண்டிய 6 இனங்கள் பொருந்தாமற்போனால் வெட்டு 50 ஆகக் குறையும். மதிப்பீடு 112 ஆக உயரும். கணக்கெடுப்பாளர் பதிவேட்டைப் பார்த்தே எழுதினால் வெட்டு பெருகி, மதிப்பீடு குறையும். விடுபட்டவை மறைந்தே போகும். ஆகவே இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராமல் தயாரிக்கப்படுதல் இன்றியமையாதது.

1964-65-இல் முன்னோடியாகத் தொடங்கி 1969-70-இல் முழு அளவில் செயற்பட்ட மாதிரிப் பதிவு முறையும் இரு பட்டியல்களைக் கொண்டதே. உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து குறித்து வருகிறார். மேற்பார்வையாளர் அரையாண்டுக்கொருமுறை தனியே விசாரிக்கிறார். பொருந்தாதவை களத்தில் மீண்டும் சரிபார்க்கப்படுகின்றன. அதாவது, இங்கு வெட்டு ஊகத்திற்கன்றி, சேர்ப்பைத் திருத்துவதற்கே பயன்படுகிறது.

எனினும், பிறந்த சில நாட்களில் இறந்த குழந்தையைப் பற்றிக் குடும்பத்தார் இருவரிடமுமே கூறாதிருக்கக்கூடும். அத்தகைய நிகழ்ச்சிகள் மிகுந்தால் சூத்திரமும் குறைவாகவே மதிப்பிடும். இக்குறையைத் தணிக்கவே, ஊர், வயது, பால் எனச் சிறு பிரிவுகளாக்கித் தனித்தனியே கணக்கிட்டுப் பின்னர் கூட்டுமாறு அவ்விருவரும் பரிந்துரைத்தனர்.