வெண்பனி எப்படிக் கல்லாகிறது?

‘பனி’ என்றதும் நம் மாணவர்களின் மனத்தில் தோன்றுவது மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. பாடநூலில் பனியாறு, பனிச்சரிவு ஆகியவற்றைப் படிக்கும்போது குழப்பம் வருவது இயல்பே. அங்கே பேசப்படுவது மேகத்திலிருந்து படிகங்களாக விழும் வெண்பனி. பஞ்சு போன்ற அது, பாறையைத் தேய்க்கும் பனியாறாக மாறுவது எப்படி என்ற கேள்வியோடு பாடத்தைத் தொடங்கலாம்.

அடர்த்தி கூடுகிறது

புதிதாக விழுந்த வெண்பனியின் அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம். அதன் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. காற்று வீசி இறுக்கிய வெண்பனியின் அடர்த்தி 350 முதல் 400 வரை உயரும். ஏறத்தாழ 550 வரை மணிகள் நகர்ந்து நெருங்கி அமைவதே முதன்மைக் காரணம். அதன்பின் மணிகளே உருமாற வேண்டும். 830 அளவில் காற்றுவழிகள் அடைபட்டு, எஞ்சிய காற்று குமிழ்களாகச் சிறைப்படுகிறது. அதுவே பனியாற்றுப் பனிக்கட்டி. குமிழ் இல்லாத தூய பனிக்கட்டியின் அடர்த்தி 917.

அடர்த்தி மட்டும் போதுமா?

‘அழுத்தினால் உறுதி கூடும்’ என்று மாணவர்கள் சொல்வார்கள். அது பாதி விடைதான். ஒரே அடர்த்தியுள்ள இரு வெண்பனிகளின் உறுதி வேறுபடலாம். தொட்டுக்கொண்டிருக்கும் மணிகளுக்கிடையே, உருகாமலேயே, சிறு பனிக்கட்டிக் ‘கழுத்து’ வளர்கிறது. நீராவி ஓரிடத்தில் கிளம்பித் தொடும் இடத்தில் படிவது இதற்கு ஒரு காரணம். அழுத்தம் மணிகளை நெருங்க வைக்கிறது. காலம் அவற்றைப் பிணைக்கிறது.

அண்டார்க்டிகாவில் மெக்மர்டோ நிலையத்துக்கு அருகிலுள்ள ஃபீனிக்ஸ் ஓடுதளம் இவ்வாறு இறுக்கிய வெண்பனியால் ஆனது. வெண்பனியைப் படலம் படலமாக அழுத்தி, பிணைய நேரம் கொடுத்து அமைத்த இத்தளத்தில், வெற்று எடையே 120 டன்னைத் தாண்டும் சி-17 சரக்கு விமானம் சக்கரங்களால் இறங்குகிறது.

இதே பண்பு உயிரையும் பறிக்கும். பனிச்சரிவு ஓடும்போது நீர்போல் பாயும். நின்றதும் சில நிமிடங்களில் இறுகும். புதைந்தவரால் கையைக்கூட அசைக்க இயலாது. அதனால்தான் மீட்பில் முதல் 15 நிமிடங்கள் மிக முக்கியம்.

வகுப்பறைச் செயல்பாடு

1. முதல் நாள் மாலை, ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிப் பொடியாக நொறுக்குங்கள். 100 கிராம் எடுத்து, குளிரவைத்த டம்ளரில் இட்டு, குறித்த உயரம்வரை அழுத்தி ஃபிரீசரில் வையுங்கள்.
2. மறுநாள் அதே எடை, அதே வகை டம்ளர், அதே உயரத்தில் இன்னொன்றைத் தயாரியுங்கள்.
3. உடனே இரண்டிலும் பென்சிலை மெல்ல அழுத்தி, இறங்கிய ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள்.

அடர்த்தி ஒன்றே, ஆழம் ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். நொறுக்கும்போது கசியும் நீரும் உறைந்து ஒட்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தால் பாராட்டுங்கள். உலர்ந்த வெண்பனியில் அந்த நீர்கூடத் தேவையில்லை என்பதை அப்போது விளக்கலாம்.

மதிப்பீட்டு வினா: ஓடுதளத்தை அழுத்தி முடித்த உடனே விமானத்தை இறக்கலாமா? காரணம் கூறுக.