பின்னலையைத் தாண்ட எந்த வழி உகந்தது?

பெரிய படகொன்று நீரைக் கிழித்துச் சென்றபின் இருபுறமும் விரிந்தெழும் பின்னலைகளைக் கண்டதும், சிறிய ஜெட் படகைச் செலுத்துகிறவருக்கு அவற்றின்மேல் பாய்ந்து பார்க்கும் ஆசை எழுவது சகஜம். ஆனால், புரொப்பெல்லர் பாறையில் மோதிச் சிதையும் ஆழமற்ற ஆறுகளுக்கென்று நியூஜிலாந்துக்காரரான வில்லியம் ஹாமில்டன் 1950களில் செம்மைப்படுத்திய இந்த யந்திரம், நீரோடு ஒட்டி ஓடுவதற்கு ஏற்பட்டதேயன்றி ஆகாயத்தில் தாவுவதற்கு ஏற்பட்டதன்று.

முழு வேகத்தில் நேருக்கு நேர் பாய்வது ஒரு வழி. படகு எழும்பியதும் அடியிலுள்ள நீர்வாய் வெளியே வந்துவிடுவதால், நீரை உறிஞ்சிப் பின்னே தள்ளும் சுழலியான இம்பெல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்து, சுமை நீங்கிய எஞ்சின் வீறிட்டுச் சுழல, மறுகணம் படகு விழுந்து நீர் உள்ளே புகும்போது அச்சுழற்சி சடக்கென்று தடைப்பட்டு, அந்த அதிர்ச்சி முழுவதும் ஷாப்ட்டையும் அதன் இணைப்புகளையும் சென்று தாக்குகிறது. படகின் அடியோ, எஞ்சினையும் ஆட்களையும் சுமந்துகொண்டு தொப்பென்று நீரில் மோதுகிறது. பைபரின் மேற்பூச்சில் சிலந்திவலை போல் விரிசல் காண்பதும், உள்ளே நெடுக ஓடும் தாங்குசட்டங்கள் அடிப்பலகையிலிருந்து விடுபடுவதும் இவ்விதமே. அணியம் முதலில் குத்திவிட்டால் தண்ணீர் வாரியடித்து உள்ளே வரும். முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கு நேரும் அபாயமோ, படகின் சேதத்தைவிடக் கொடியது.

வேகத்தைத் தணித்துச் சாய்கோணத்தில் கடப்பது இன்னொரு வழி. என் அபிப்பிராயத்தில் ஜெட் படகுக்கு உகந்தது இதுவே. பின்னலை, தன்னை எழுப்பிய படகைவிட்டு விலக விலகத் தாழ்ந்துகொண்டே போவதால், நெடுந்தூரம் பின்தங்கிக் கடப்பவருக்குப் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும். அலையின் உச்சியை அடையுமுன் திராட்டிலைத் தளர்த்தி, படகு நீரில் அமர்ந்தபிறகே மெல்லக் கூட்டுவது உசிதம். தளர்த்துவது வேறு, அடியோடு அடைத்துவிடுவது வேறு: பீறிட்டு வெளியேறும் நீரைத் திருப்பித்தான் ஜெட் படகு திசை மாறுகிறதாகையால், நீரோட்டம் நின்றால் சுக்கான் வளையத்தை எவ்வளவு திருப்பியும் பிரயோஜனம் இல்லை. கோணம் மிகவும் சாய்ந்துவிட்டாலும் படகு பக்கவாட்டில் உருண்டாடும். உட்கார்ந்திருப்போர் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளட்டும்.

தாவியே தீரவேண்டும் என்பவர்களுக்கு, கவாசாகி நிறுவனம் 1970களில் விற்பனைக்குக் கொண்டுவந்த, நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கியே தகுந்த வாகனம். கனம் குறைவு, விழும் வேகத்தை ஓட்டுகிறவரின் மடங்கிய முழங்கால்கள் ஏற்றுக்கொள்கின்றன, நாற்காலியில் சாய்ந்திருக்கும் பிரயாணிக்கு இந்த வசதி ஏது? எனினும் இதிலும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டம், இவ்வகை வாகனத்தில் இன்னொரு கலத்தை அநாவசியமாக நெருங்கி அதன் பின்னலையைத் தாண்டுவதைப் பொறுப்பற்ற செயலாகவே கருதுகிறது. முன்னே போகும் படகு மறைத்துக்கொண்டிருக்க, அதற்கப்பால் எதிரே வருவது யார் என்று எப்படித் தெரியும்?

ஆகவே, குடும்பத்தோடு செல்கிறவர்கள் சாய்கோண வழியையே மேற்கொள்க. தவறிப்போய் ஒருமுறை பலமாக விழுந்துவிட்டால், அன்றைய சவாரியை நிறுத்திக் கரைக்குத் திரும்பி, எஞ்சின் மூடியைத் திறந்து, அடியில் நீர் கசிந்திருக்கிறதா, எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மறுபடியும் நீரில் இறக்குங்கள்.