அரிப்பில்லாத சிரங்கு



குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அரிப்போடு எங்களிடம் பலர் வருகிறார்கள். பெரும்பாலும் அது சாதாரணச் சிரங்குதான். ஆனால் மருந்து போட்டும் ஒரே லைன் வீட்டில் அது திரும்பத் திரும்ப வந்தால், நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம்: "வீட்டில் படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் யாராவது உண்டா?"

அப்படிக் கேட்டுத்தான் ஒரு பாட்டியம்மாவைக் கண்டோம். பக்கவாதத்தால் படுத்தவர். கைகளில் தடித்த பொருக்கு. படை என்று நினைத்து, கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை வீட்டார் மாதக்கணக்கில் தடவியிருந்தார்கள். "எனக்கு அரிப்பே இல்லீங்கம்மா, பிள்ளைகளைப் பாருங்க" என்றார். பொருக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். பூச்சிகளும் முட்டைகளும் நிறைந்திருந்தன.

இது அபூர்வமான பொருக்குச் சிரங்கு. 1848-ல் நார்வேயில் டேனியல்சன், போக் என்ற மருத்துவர்கள் தொழுநோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ஆகவே நார்வே சிரங்கு என்றும் பெயர். சாதாரணச் சிரங்கில் உடம்பில் 10, 15 பூச்சிகள்தான் இருக்கும். இதிலோ ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில் இருக்கும். அரிப்பு என்பது பூச்சியை எதிர்த்து உடம்பு எழுப்பும் எச்சரிக்கை. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடமும், தோலில் உணர்ச்சி இழந்தவர்களிடமும் அது அடங்கிவிடலாம். ஸ்டீராய்டு களிம்பும் அதை அடக்கிவிடும். அரிப்பு இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு: பொருக்கு வெடித்த இடத்தில் கிருமி புகுந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே மோசம்.

பாட்டியம்மாவைத் தனி அறையில் சேர்த்தோம். ஐவர்மெக்டின் மாத்திரை பல தவணை, தலை முதல் பாதம் வரை பெர்மெத்ரின் களிம்பு, பொருக்கை இளக்கும் மருந்து. வீட்டார் அனைவருக்கும், அரிப்பு இல்லாதவர்களுக்கும்கூட, ஒரே நாளில் களிம்பு. ஒரு வாரம் கழித்து மறுபடியும். மலையில் மழைக்கால வெயிலை நம்ப முடியாது. எனவே துணிகளை வெந்நீரில் அலசச் சொன்னோம். அலச முடியாத கம்பளிகளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைக்கச் சொன்னோம். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கலாம் என்பதையும் சொல்லி அனுப்பினோம்.

உங்கள் உதவி ஒருவருக்கு மட்டுமல்ல, ஒரு லைன் முழுவதற்கும் மருந்தாயிற்று. உங்கள் வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள்: எல்லாரும் சொறியும்போது, சொறியாமல் படுத்திருப்பவரையும் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள்.

பாட்டியம்மாவின் அருகில் இப்போது பேரப்பிள்ளைகள் மறுபடியும் படுத்து உறங்குகிறார்கள்.