எஞ்சினின் தண்ணீர் உறையில் படியும் சுண்ணாம்பு: நீக்கும் முறையும் தடுக்கும் முறையும்

கிணற்று நீரை நம்பிப் பயிரிடும் குடியானவருக்குக் கோடையில் எஞ்சின் நின்றால் பயிரும் நின்றுவிடும். மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் டீஸல் எஞ்சினே இன்றும் துணையாயிருக்கின்றது. நன்றாய் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மிகுதியாகச் சூடேறி, இழுக்கமாட்டாமல் நின்றுபோவதுண்டு. அப்போது எண்ணெயின்மீதும் வால்வுகளின்மீதும் பழி சுமத்துவது வழக்கம். ஆனால் பலமுறை குற்றம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இருக்கும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் செல்லும் உட்கூடே அவ்விடம். அதனைத் தண்ணீர் உறை என்பர்.

படிவு உண்டாகும் விதம்

சுக்கான்கல் மிகுந்த நிலங்களின் கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். நீரிலுள்ள கரியமில வாயுவின் துணையாலேயே அது கரைந்து நிற்கின்றது. நீர் சூடேறினால் அவ்வாயு பிரிந்துபோம். சுண்ணாம்பு வெளிப்பட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படிவதும் இதுவே. இப்படிவு வார்ப்பிரும்பைக் காட்டிலும் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆகையால் உறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் சிலிண்டர் குளிர்வதில்லை. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், தலைப்பாகம் வெடித்துக் கீறுவதும் உண்டு. சூடேறி நின்ற எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றுவோர் அக்கேட்டைத் தாமே விரைவுபடுத்துகின்றனர்.

படிவைச் சோதித்தல்

எஞ்சின் நன்கு ஆறியபின், தண்ணீர் வெளிவரும் குழாயைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு துண்டுப் படிவைச் சுரண்டி எடுக்கவும். அதன்மேல் ஒரு சொட்டு உப்புத் திராவகம், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆஸிட், விட்டால் நுரைத்துப் பொங்கவேண்டும். பொங்கினால் அது திராவகத்தில் கரையும் சுண்ணாம்பாகும். பொங்காவிடில் அது ஜிப்ஸமாகவோ மணற்சத்தாகவோ இருக்கலாம். ஜிப்ஸமாயின், முதலில் சூடான சலவை ஸோடாக் கரைசலை உறையில் நெடுநேரம் நிறுத்திவைத்தால், நாளடைவில் திராவகத்தில் கரையத்தக்கதாக மாறும். கந்தகத் திராவகத்தை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது. அது சுண்ணாம்புடன் சேர்ந்து ஜிப்ஸமாகவே மாறி, படிவின்மேல் மூடிபோல் நின்றுவிடும்.

கழுவும் முறை

எட்டிய இடங்களிலுள்ள தடித்த படிவை முதலில் கம்பியால் சுரண்டி அகற்றுக. பம்பினின்று வரும் குழாயைப் பிரித்துவிடுக. அலுமினியப் பாகங்களையும் நாகம் பூசிய பாகங்களையும் கழற்றிவிட வேண்டும். திராவகம் அவற்றை அரித்துவிடும். உறையிலிருந்து சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்க. கசிவிருந்தால் அதைச் சீர்செய்யாமல் திராவகம் ஊற்றக்கூடாது.

பிளாஸ்டிக் வாளியில் 6 பங்கு தண்ணீர் எடுத்து, அதில் கடையில் விற்கும் 30 சதவீத உப்புத் திராவகம் 1 பங்கை மெல்லச் சேர்க்கவும். திராவகத்தில் தண்ணீரை ஊற்றுவது ஆபத்து. தண்ணீரிலேயே திராவகத்தைச் சேர்க்க வேண்டும். இரும்பை அரிக்காமற் காக்கும் மருந்து கலந்த திராவகம் கிடைக்குமாயின் அதுவே மேலானது.

உறையின் கீழ்வாயை மரக்கட்டையால் அடைத்து, மேல்வாய் வழியாகக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றவும். மேல்வாயை ஒருபோதும் அடைக்கலாகாது. 1 லிட்டர் திராவகம் ஏறத்தாழ 450 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். அப்போது 100 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வெளிப்படும். வாயுவுக்கு வழியில்லாவிடில் திராவகம் முகத்தில் பீறிட்டடிக்கும்.

பொங்குதல் நின்றபின் சிறிதளவு கரைசலை வெளியே எடுத்து, ஒரு சுக்கான்கல்லின்மேல் விட்டுப் பார்க்கவும். கல் பொங்கினால் திராவகத்தில் வீரியம் மீந்திருக்கின்றது. ஆகவே உறையிலுள்ள சுண்ணாம்பு கரைந்து தீர்ந்ததென்று கொள்ளலாம். பொங்காவிடில் வீரியம் தீர்ந்தது. புதிய கரைசல் ஊற்ற வேண்டும். வேலை முடிந்தபின் திராவகத்தை உறையில் இரவு முழுதும் விட்டுவைப்பது பெருந்தவறு. கரைக்கச் சுண்ணாம்பு இல்லாதபோது அது இரும்பையே தின்னும்.

பிறகு உறையை நல்ல நீரால் பலமுறை அலசி, லிட்டருக்கு 10 கிராம் வீதம் சலவை ஸோடா கரைத்த நீரை நிரப்பி, அரைமணி நேரம் வைத்திருந்து, மீண்டும் அலசவும். கழிவு நீரைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ விடாமல், குழியில் சுண்ணாம்புடன் சேர்த்து முறித்துவிட வேண்டும்.

எச்சரிக்கை

இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்க. கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அவசியம். திராவகம் இரும்பைத் தொடும்போது தீப்பற்றும் வாயு உண்டாவதால் பீடியும் விளக்கும் அருகில் ஆகா. பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் நச்சு வாயு எழும். கண்ணில் தெறித்தால் உடனே கால்மணி நேரம் நீரால் கழுவி, வைத்தியரிடம் செல்க. குழந்தைகளை அண்டவிடாதீர்.

மீண்டும் படியாமற் காத்தல்

பம்பு இறைக்கும் நீரில் ஒரு பகுதியை உறைவழியே ஓடவிட்டு வெளியேற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புள்ள நீர் மணிக்கு 300 லிட்டர் ஓடினால், 8 மணி நேரத்தில் 720 கிராம் சுண்ணாம்பு உறைவழியே செல்லும். அதில் நூற்றிலொரு பங்கு தங்கினாலும் 100 நாளில் 720 கிராம் சேர்ந்துவிடும். மாறாக, 400 லிட்டர்த் தொட்டியொன்று கட்டி அதே நீரையே சுற்றிவரச் செய்தால், அந்நீர் முழுவதிலும் உள்ள சுண்ணாம்பு 120 கிராம்தான். அது படிந்து தீர்ந்தபின், குறைவுக்கு மழைநீரையே சேர்த்துவந்தால் புதிதாகப் படிய ஒன்றுமிராது. ஆகையால் தொட்டி நீரை அடிக்கடி மாற்றுவது நன்மையன்று.

வெளிவரும் நீர் 60 டிகிரி ஸெண்டிகிரேடுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் உதவும். திராவகம் வந்த நோய்க்கு மருந்து. மழைநீர்த் தொட்டியோ நோய் வராமற் காப்பது. இரண்டில் செலவு குறைந்ததும் ஆபத்தற்றதும் பின்னதே என்பதைக் குடியானவர்கள் கருத்திற்கொண்டு, வரும் மழைக்காலத்திலேயே அதற்கு ஏற்பாடு செய்வார்களாக.