விதை உதிரட்டும், பிறகு வெட்டலாம்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. தாராபுரம் ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரியும் ஒன்றியச் சாலையின் இரு ஓரத்திலும் பழைய காட்டுப்பூச் செடிகளை மறுபடி கொண்டுவரப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். உன் கல்லூரித் தோழிகளும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பணம் வசூலாகிவிட்டது, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூவிவிடலாம், என்ன விதை வாங்கலாம் பெரியப்பா என்று கேட்டிருக்கிறாய். எதையும் வாங்காதே. பூ விதை என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் காஸ்மாஸ், ஜினியா, துலுக்கச் சாமந்தி. மூன்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். வீட்டு வாசலில் வைத்தால் அழகுதான். இட்டேரியில் அவற்றுக்கு இடமில்லை.

நீ பார்த்து வளர்ந்தது தார் ரோடு. அதற்கு முன் அது இட்டேரி. இருபக்கமும் ஆள் உயரக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் தடம். வேலிக்குள் பிரண்டையும் கோவைக்கொடியும் பின்னிக் கிடக்கும். வேலி ஓரத்தில் ஆவாரை, துத்தி, எருக்கு, கிலுகிலுப்பை. காலடியில் கொழுஞ்சி, தும்பை, பூளை, நெருஞ்சி. தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி. சட்டைப் பொத்தான் அளவு நீலப்பூ, காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும். மழைக்காலத்தில் வேலிக்கு மேல் கண்வலிப்பூ தீ மாதிரி நிற்கும். செங்காந்தள் என்று மாநிலப் பூவாகப் படித்தாயே, அதேதான். இன்று மூலனூர்ப் பக்கம் பந்தல் கம்பி கட்டி அதை வெள்ளாமை செய்கிறோம், விதை ஏற்றுமதியாகிறது. ஆனால் வேலியில் தானாக வந்த கொடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ரோடு அகலமானபோது கிளுவை போய்க் கம்பி வேலி வந்தது. அது ஒரு பங்கு நாசம்தான். மீதியை வருஷா வருஷம் நாமே செய்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைத்த செடி மார்கழியில் பூத்து, தை, மாசியில் விதை முற்றி உதிர்க்கும். ஓரம் புதராகிவிட்டது என்று நாம் வெட்டுவதும் சரியாக மார்கழி, தையில்தான். தும்பை மாதிரி ஒரு மழைக்காலத்தோடு ஆயுள் முடிகிற செடிக்கு அடுத்த வருஷம் வர விதையைத் தவிர வேறு வழி கிடையாது. நாலைந்து வருஷம் பூவோடு வெட்டினால் மண்ணுக்குள் இருந்த சேமிப்பும் தீர்ந்துபோகும்.

காலியான இடத்தில் பார்த்தீனியம் வந்து உட்காரும். 1950களில் புனே பக்கம் கண்ணில்பட்ட செடி இன்று நாடு முழுக்க இருக்கிறது. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். நாம் அரிவாளோடு போவதற்குள் அது தன் வேலையை முடித்திருக்கும். மெதுவாகப் பூக்கிற நம் செடிதான் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே கண்ணு, முதல் வேலை விதைப்பது அல்ல, வெட்டும் மாதத்தை மாற்றுவது. மாசி முடியும் வரை ஓரத்தைத் தொடக்கூடாது, பங்குனியில் வெட்டிக்கொள்ளலாம் என்ற ஒரு ஏற்பாடு நடந்துவிட்டால், ஒரு விதைகூடத் தூவாமலே பாதிச் செடி திரும்பி வரும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலைத் துறை 1930களிலேயே இதைச் செய்தது. போக்குவரத்துக்கு ஆபத்தான இடம் தவிர, காட்டுப்பூப் பருவம் முடியும் வரை புல் வெட்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். இன்று அந்த ஊர்ச் சாலைப் பூக்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடு, ஊராட்சித் தலைவரையும் பார். ஆனால் மண்வெட்டி பிடிப்பது நூறு நாள் வேலைக்கு வரும் நம் ஊர்ப் பெண்கள். அவர்களிடம் சொல்லாமல் வாங்கும் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும். சொல்லப் போவதைவிடக் கேட்கப் போ. அவர்களில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் விடிகாலையில் ரோட்டோரமாக நட. எந்தச் செடிக்கு என்ன பேர், எது எந்த மேட்டில் இருந்தது என்று உங்கள் தாவரவியல் புத்தகத்தில் இல்லாததெல்லாம் வரும். எழுதிவைத்துக்கொள்.

பாம்பு அடையும் என்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளாதே. இருட்டில் டூவீலரிலும் நடந்தும் போகிறவர்களின் பயம் அது. தாரை ஒட்டி மூன்றடி எப்போதும் ஒட்ட வெட்டியே இருக்கட்டும். வளைவிலும் பஸ் நிற்கும் இடத்திலும் முழுக்க வெட்டிவிடலாம். மூன்றடிக்கு அப்பால் வேலி வரைக்கும்தான் நமக்கு வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ரோட்டோரத் தோட்டக்காரர்களிடம் தனித்தனியாகப் பேசு. தங்கள் வரப்புக்கு அடிக்கும் களைக்கொல்லியை ரோட்டு ஓரத்துக்கும் சேர்த்து அடிக்கிறார்கள். அதை மட்டும் நிறுத்தச் சொல்.

பொக்லைன் சுரண்டிக் கிராவல் தெரியும் இடங்களில் விதை போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த விதை நம் ஊர் விதையாக இருக்கட்டும். கருப்பராயன் கோவிலுக்குப் பின்னால் ஒரு துண்டு இட்டேரி இன்னும் மிச்சம் இருக்கிறது. நம் களஞ்சியம் அதுதான். ஆவாரங்காய் பழுப்பேறிக் காய்ந்து, ஆட்டினால் சலசலக்க வேண்டும். பச்சைக் காயைப் பறிக்காதே. எந்தச் செடியையும் மொட்டையடிக்காதே, முக்கால் பங்கை அதனிடமே விடு. தும்பைக்கு இத்தனை பாடு வேண்டாம். காய்ந்த தலையைத் துணியில் உதறினால் போதும்.

ஆவாரை, கொழுஞ்சி இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டி, தண்ணீர் இறங்காது. ஆவாரை விதையை ஆற்று மணலோடு சேர்த்துக் கையால் நன்றாகத் தேய். கொழுஞ்சியை 55 டிகிரி சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடு. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறவர்கள் செய்வதுதான். இரண்டிலும் பாதி விதைக்கு மட்டும் இதைச் செய். மறுபாதியை அப்படியே தூவு. முதல் மழை ஏமாற்றி, முளைத்ததெல்லாம் கருகினாலும், அந்தக் கெட்டி விதை மண்ணில் படுத்திருந்து இன்னொரு வருஷம் எழுந்து வரும். ஐப்பசி ஞாயிறு என்பது தாமதம். புரட்டாசி மழைக்கு முன்னால் மேல்மண்ணை லேசாகக் கீறித் தூவி, காலால் மிதித்துவிட்டால் ஆயிற்று.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பிள்ளைகள் எல்லோரும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டே ஆக வேண்டும். சிலருக்கு அது தோலைப் படாத பாடு படுத்திவிடும். கண்வலிக் கொடியும் கிழங்கு முதல் விதை வரை விஷம். சின்னப் பிள்ளைகளை அதன் பக்கம் விடாதே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் நம்பாதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஊரே வரும், படம் எடுக்கும். ரோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தத் துண்டுக்குப் பக்கத்தில் காடு இருக்கும் குடும்பத்திடமே பொறுப்பைக் கொடு. தினமும் அந்த வழியே போகிறவன் கண்ணில்தான் புதிதாக முளைத்த பார்த்தீனியம் படும்.

இதெல்லாம் யாருக்காக என்று உன்னைக் கேட்பார்கள். பூத்த ஆவாரை ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் அவர்களை நிறுத்து. அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் கேசரப் பைக்குள் அடைபட்டு, நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாக மட்டுமே வெளியே வரும். கருவண்டு வந்து பூவை இறுகப் பிடித்து, றெக்கையை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்குப் போகும், மஞ்சள் தூள் கொட்டும். பக்கத்து எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு இருக்கும். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் குழந்தை. எருக்கைப் பிடுங்கினால் அதற்குப் போக்கிடம் இல்லை. கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்க்க வண்டு வேண்டும் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும். அந்த வண்டு மற்ற நாளில் எங்கே சாப்பிடும் என்று கேட்டுப் பார்.

போகிக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் வேண்டும். வேப்பிலை வாசலிலேயே இருக்கிறது. மற்ற இரண்டையும் நம் ஊர்ச்சனம் இப்போது தாராபுரம் சந்தையில் கட்டு கட்டாகக் காசு கொடுத்து வாங்கி வருகிறது. எங்கிருந்தோ வேரோடு பிடுங்கி வந்த செடி அது. நூறு நாள் வேலைக்காரர்களிடம் பேசும்போது இதை முதலில் சொல். உன் மனுவுக்கு ஊரில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

வசூலான பணத்தில் கையுறையும் சாக்கும் வாங்கு. மனுவை எழுதி எனக்கு ஒரு நகல் அனுப்பு, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா