பொறியில் மாட்டிய விரல்

கேள்வி: பழவங்காடியில் இருபது வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். பின்பக்கக் கிடங்கில் பெருச்சாளித் தொல்லை தாங்கவில்லை. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எல்லாம் ஓட்டை. கனடாவிலிருந்து வந்த மச்சினன் ஓர் இரும்புப் பொறி கொண்டுவந்து தந்தான். சதுரமாக இரண்டு கம்பிச் சட்டம், இரண்டு பக்கமும் ஸ்பிரிங். போன வாரம் கடைப் பையன் அதை விரித்து வைக்கப் போனபோது இரண்டு விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. விடுவிப்பதற்குள் மூன்று பேர் திண்டாடிப் போனோம். நகம் கறுத்துவிட்டது. இந்தப் பொறியைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி? இனி வைக்கலாமா?

— வாசகர், பழவங்காடி, திருவனந்தபுரம்

பதில்: முதலில் பையனின் விரலைக் கவனிப்போம். அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று இதைத் தனியாகவும் உங்களுக்கு எழுதிவிட்டேன். விரல் நுனியை மடக்கி நீட்ட முடியவில்லை என்றாலோ, வீக்கம் வடியவில்லை, மரத்துப் போயிருக்கிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். நகம் கறுப்பது அடியில் ரத்தம் கட்டியதால். ஊசியைச் சுட்டு நகத்தில் குத்திவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அடியில் எலும்பு முறிந்திருந்தால் கிருமி நேரே எலும்புக்குப் போய்விடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலி நடமாடும் இடத்தில் தோல் கிழிந்தால் அது வெறும் காயம் அல்ல. எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி சின்னச் சிராய்ப்பு வழியாகவே உடம்பில் ஏறிவிடும். நாம் எலிக்காய்ச்சல் என்பதைத்தான் உங்கள் ஊரில் எலிப்பனி என்கிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் அதனோடு பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அடிபட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் மருத்துவரிடம் “எலிப்பொறியில் அடிபட்டது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும். எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நீங்களாகவே மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேரள அரசின் ‘திஷா’ சுகாதார உதவி எண் 1056.

இனி பொறி. கனடாவில் பொறி வைத்து விலங்கு பிடித்துப் பிழைத்த ஃபிராங்க் கொனிபேர் என்பவர் உருவாக்கியது இது. 1950-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தது. காலைக் கவ்விப் பிடித்து விலங்கை மணிக்கணக்கில் துடிக்கவிடும் பழைய பொறிகளுக்கு மாற்றாக, கழுத்திலோ மார்பிலோ அடித்து உடனே கொல்லட்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகவே ஸ்பிரிங்கில் அத்தனை விசை. நீங்கள் அனுப்பிய படத்தில் சட்டம் ஏழு அங்குலம் இருக்கும் போலத் தெரிகிறது. வட அமெரிக்காவில் ரக்கூன் பிடிக்க வைக்கும் அளவு அது. பெரிய பெருச்சாளியே ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும்.

விரல் மாட்டினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோல் உரிந்து வந்துவிடும். சட்டங்களுக்கு நடுவில் திருப்புளியை விட்டு நெம்பவும் கூடாது. திறக்க வேண்டியது சட்டத்தை அல்ல, ஸ்பிரிங்கை. ஒவ்வொரு ஸ்பிரிங்கின் இரு கைகளும் ஒவ்வொரு வளையத்தில் முடியும். அந்த இரண்டு வளையமும் நெருங்கினால் பிடி தளரும். நாலைந்து அடி நைலான் கயிற்றின் ஒரு முனையில் சுருக்குப் போட்டுப் பாதத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மறுமுனையை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, ஒரு சுற்று சுற்றி, மறுபடி இரண்டுக்குள்ளும் விடுங்கள். காலால் மிதித்தபடி கையால் மேலே இழுத்தால் வளையங்கள் நெருங்கி வரும். உடனே ஸ்பிரிங்கில் தொங்கும் கொக்கியை இரு கைகளுக்கும் குறுக்கே மாட்டுங்கள். அடுத்த ஸ்பிரிங்கையும் அதேபோல். ஒற்றைக் கையால் செய்யக்கூடிய வேலை இது. அதனால்தான் கனடாவில் இந்தப் பொறி வைப்பவர்கள் பொறி இருக்கும் பையில் கயிறும் வைத்திருப்பார்கள்.

பையன் எங்கே தவறினான் என்று ஊகிக்க முடிகிறது. கொக்கியைப் போடாமல் சட்டத்தை விரித்திருப்பான். இரண்டு கொக்கியும் மாட்டிய பிறகே சட்டத்தை விரிக்க வேண்டும். பொறியை அதன் இடத்தில் அசையாமல் நிறுத்திய பிறகு, கடைசி வேலையாகவே கொக்கியைக் கழற்ற வேண்டும். எந்த நேரத்திலும் கை சதுரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன், பொறி உங்கள் கையில் இருக்கிறது என்பதால். வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். கோட்டையைச் சுற்றிய பழைய கட்டடங்களில் எலி மட்டும் குடியிருக்கவில்லை. ஓட்டுக்கூரையில் மரநாய் இருக்கும். உங்கள் ஊரில் மரப்பட்டி. தலைநகரில் அதன் தொல்லை எப்படிப்பட்டது என்பதை 2024-இல் அப்போதைய முதலமைச்சர் பினராயி விஜயனே தம் அதிகாரபூர்வ இல்லமான கிளிஃப் ஹவுஸ் அனுபவத்தைச் சொல்லிப் பேசியிருக்கிறார். ஆனால் அதைப் பொறி வைத்துப் பிடித்தாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பெயர் வேட்டை. கீரிக்கும் அப்படியே. பக்கத்துக் கடைப் பூனை மாட்டினால் அந்தப் பாவம் வேறு.

கிடங்குக்கு எலிக்கூடும், மரப்பலகையில் கம்பி அடிக்கும் சாதாரணப் பொறியும் போதும். பக்கத்திலேயே சாலைக் கடைத்தெருவில் வாங்கலாம். கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ, இரையை முதலில் குத்திவிட்டுப் பிறகுதான் கம்பியை இழுக்க வேண்டும். விரிந்த பொறியை இரைப் பக்கமாக யாரும் தொடக் கூடாது. இடத்தில் வைத்த பின் தள்ள வேண்டுமானால் குச்சியால் தள்ளுங்கள்.

காவிரி டெல்டாவில் வரப்போரம் எலி பிடிக்க மூங்கில் கிட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் எத்தனை வைத்தார்களோ அத்தனையையும் விடிந்ததும் எண்ணி எடுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் வரப்பை விட்டுப் போக மாட்டார்கள். அந்தக் கணக்கு உங்களுக்கும் வேண்டும். கடைகளில் கை அடிபடுவது பொறியை வைக்கும்போது மட்டும் அல்ல. யாரோ வைத்து மறந்த பொறி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும், மூட்டை இறக்க வந்த ஆள் அங்கே கையை விடுவார். பொறி வைத்த இடத்துக்கு நேர் மேலே சுவரில் சாக்பீஸால் எண்ணும் தேதியும் எழுதுங்கள். காலையில் எடுத்ததும் அழியுங்கள்.

கேள்வி: தடிமனான தோல் கையுறை போட்டுக்கொண்டால் பொறி வைக்கப் பயமில்லை என்கிறார் என் கணவர். சரியா?

— வாசகி, மணக்காடு

பதில்: சரியில்லை அம்மா. தோல் கையுறை கீறலைத் தடுக்கும், எலும்பு முறிவதைத் தடுக்காது. விரலுக்கு உணர்வு குறைந்துபோவதால், கம்பி நழுவுவது தெரிவதற்குள் அடித்துவிடும். பலகைப் பொறியை வெறுங்கையால், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். மோதிரத்தோடு விரல் வீங்கினால் பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். செத்த எலியை எடுக்கும்போதுதான் கையுறை கட்டாயம், அதுவும் ரப்பர் கையுறை. முடிந்ததும் பொறியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கழுவுங்கள். உங்கள் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பொறி வைக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.